வாட்டைக் கூட்டினால் பவளம் வளருமா?

ஒரு ட்யூப்லைட்டுக்கு ஒரு சோக்கு என்பது எலக்ட்ரீசியன் அறிந்த விதி. அந்த விதியை மீறி, ஒரே குழலுக்கு இரண்டு சோக்குகளைப் பிணைத்தோ, பல குழல்களுக்குரிய மின்னணுச் சோக்கின் வெளியீட்டுக் கம்பிகளை ஒன்றாக முறுக்கி ஒரே குழலில் செருகியோ, அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தும் வித்தைக்கு ஓவர்டிரைவ் என்று பெயர். 2000-களின் தொடக்கத்தில் வட அமெரிக்கக் கடல்மீன்தொட்டி ஆர்வலர்களிடையே இது பரவியது. மெட்டல் ஹாலைடு விளக்கு விலை மிகுந்தது, குழல்விளக்கு மலிவானது. ஆகவே மலிவானதைப் பிழிந்து விலைமிக்கதன் வேலையை வாங்கலாம் என்பதே அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு இந்நாட்டுக்கு வந்தபோது தற்சார்பு, கைவினை அறிவியல், மாணவர் படைப்பூக்கம் என்ற மாலைகளும் அதன் கழுத்தில் விழுந்தன. அவற்றுள் எதற்கும் அது தகுதியுடையதன்று.

முதலில் இயற்பியல். நான்கடி நீளமுள்ள 36 வாட் குழல், தனக்குரிய சோக்கில் சுமார் 0.43 ஆம்பியர் மின்னோட்டத்தில் எரிகிறது. குழலுக்குள் இருக்கும் பாதரச ஆவி 254 நானோமீட்டர் புறஊதாக் கதிரை வெளியிட, கண்ணாடியின் உட்பூச்சு அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. இந்த ஆவியின் அழுத்தத்துக்கு ஓர் உகந்த அளவு உண்டு. குழல் சுவரின் மிகக் குளிர்ந்த புள்ளி ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது அது கிட்டும். அதற்கு மேல் சூடேறினால் ஆவி அடர்ந்து, தான் வெளியிட்ட கதிரைத் தானே மீண்டும் விழுங்கத் தொடங்குகிறது. எனவே மின்னோட்டத்தை இரட்டித்தால் ஒளி இரட்டிப்பதில்லை. பெரும்பாலும் ஒன்றரை மடங்கை ஒட்டி நின்றுவிடுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். முனைகளில் உள்ள மின்னிழைப் பூச்சு விரைவாக ஆவியாகி, குழலின் இரு ஓரங்களும் கறுத்துப்போகின்றன. ஆண்டுக்கணக்கில் எரியவேண்டிய குழல் மாதக்கணக்கில் முடிந்துவிடுகிறது.

இந்த வித்தை பிறந்த இடம் குளிர்நாட்டு வீடுகளின் நிலவறை என்பதை அதன் இந்திய ரசிகர்கள் கவனிப்பதேயில்லை. அங்கே அறையின் குளிர் குழலுக்குத் துணைநிற்கும். திருப்பதியிலும் சித்தூரிலும் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. அத்தகைய நாளில், தொட்டிக்கு மேல் மூடிய பலகைக் கூண்டுக்குள், உப்புநீரின் ஆவிக்கு நடுவே எரியும் சாதாரணக் குழலே தன் உகந்த வெப்பத்தைக் கடந்துவிட்டிருக்கும். அதற்கு மேலும் மின்னோட்டத்தை ஏற்றுவது, மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவன் முதுகில் இன்னொரு மூட்டையை வைப்பது போன்றது. அந்தக் கூண்டில் கணினிக்குள் சுழலும் சிறு விசிறி ஒன்றைப் பொருத்தினால், ஒரு வாட்கூடக் கூட்டாமல் குழலின் ஒளி உயரும்.

விசிறி மட்டுமன்று. மூடாக் குழல் தன் ஒளியில் பாதியை மேல்நோக்கி வீணே சிந்துகிறது. நன்றாக வளைத்த பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்று அதன் பெரும்பகுதியைக் கீழே திருப்பிவிடும். மேலும், நீண்ட குழலின் அருகே ஒளி குறைவது தொலைவின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்ப அன்று, தொலைவுக்கு ஏற்பவே. குழலைப் பாதித் தொலைவுக்கு இறக்கினால் ஒளி ஏறத்தாழ இரட்டிக்கும். தகடும் இறக்கமும் சேர்ந்து தரும் பயனுக்கு முன் ஓவர்டிரைவ் தரும் ஒன்றரை மடங்கு சிறுபிள்ளை விளையாட்டு. பின் ஏன் தகட்டை யாரும் கொண்டாடுவதில்லை? தகடு மின்பொறி பறக்கவிடாது. அதைக் காட்டிப் பெருமைகொள்ள முடியாது.

இனிப் பவளத்திடம் வருவோர், அதற்கு எது வேண்டும் என்று கேட்டாக வேண்டும். பவள உயிரின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவூட்டுகின்றன. அவற்றுக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள், அவற்றுள்ளும் சிறப்பாக நீலம். லக்ஸ் மீட்டர் காட்டும் எண்ணோ மனிதக் கண்ணுக்காக வகுத்த அளவு. 555 நானோமீட்டர்ப் பச்சைக்கு அருகில்தான் அதற்கு உச்ச மதிப்பு. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நீலக்குழல் பவளத்துக்கு விருந்தாகலாம். பளீரென்ற வெள்ளைக்குழல் பட்டினி போடலாம். வாட்டோ இதிலும் கேவலம்: அது மின்வாரியத்துக்குச் செலுத்தவேண்டிய தொகையின் அளவேயன்றி ஒளியின் அளவே அன்று. வெப்பமண்டல நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு 2000 மைக்ரோமோல் வரை பொழிகிறது. ஆயினும் பல பவள இனங்களின் ஒளிச்சேர்க்கை சில நூறு மைக்ரோமோலிலேயே நிறைவடைகிறது. அதற்கு மேற்பட்டது உணவாவதில்லை, சுமையாகிறது.

அந்தச் சுமையோடு வெப்பமும் சேர்ந்தால் நிகழ்வதற்குப் பெயர் வெளிறல். நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை அமைப்பு சிதைந்து, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் பெருக, பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளெலும்பாக நிற்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் கண்டது இதுவே. கடல் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடுதலாகச் சூடானதற்கே அந்த விளைவு. மிகை ஒளி, மிகை வெப்பம் என்ற அதே இரண்டையும் ஒரு மூடிய கூண்டுக்குள் கைக்காசு செலவழித்து உண்டாக்குவதற்கு வளர்ப்பு என்று பெயர் வைத்தவர் யாரோ! போதாக்குறைக்கு, ஓவர்டிரைவ் குழல் விரைவில் மங்குகிறது. புதிதாக மாற்றியதும் ஒரே நாளில் ஒளி பாய்கிறது. ஒளிமாற்றத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளப் பவளத்துக்கு வாரங்கள் வேண்டும்.

இதுவரை சொன்னது தொட்டி பற்றியது. தொட்டிக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி. பாறை கட்டும் கடின பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளமும் நெருப்புப் பவளமும் கடல்விசிறியும் உட்பட, 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காக்கப்பட்டவை. மீறலுக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது பழவேற்காட்டு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதனுள் வந்தன. மாவட்டத்துக்குக் கடல் வந்தது, பவளத்திட்டு வரவில்லை. நாட்டின் பெரும் பவளத்திட்டுகள் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் ஆகிய இடங்களில் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு கிளை ஒடிந்து திருமலையின் அடிவாரத்துத் தொட்டி ஒன்றுக்கு வந்து சேர்ந்திருக்குமானால், அந்த வழி நேர்வழியாக இருக்கவியலாது. சோக்குக் கம்பியைப் பிணைக்கும் முறையைப் பத்துப் பக்கம் விவரிப்போர் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விடுவது மறதியா?

கம்பியைப் பிணைக்கும் கையைப் பற்றியும் ஒரு சொல். இந்நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்னணுச் சோக்கின் வெளியீடு அதனினும் உயரலாம். கீழே திறந்த தொட்டியில் இருப்பதோ, மின்சாரத்தை நன்கு கடத்தும் உப்புநீர். விடுதி அறைகளின் பழைய வயரிங்கில் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கும் என்று எவரும் உறுதி கூறமுடியாது. செயல்திட்ட மதிப்பெண்ணுக்காக ஒரு மாணவர் ஈரக்கையோடு இதில் இறங்குவதைப் புதுமை என்று தட்டிக்கொடுக்கும் பேராசிரியர், அந்த அறையின் பியூஸ் கட்டையை ஒருமுறையேனும் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

நியாயத்துக்காக ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வட அமெரிக்க ஆர்வலர்களுள் சிலர், ஒளித்துகள் எண்ணும் மீட்டரை வாங்கியோ இரவல் பெற்றோ, தொட்டியின் அடியிலும் நடுவிலும் மேலும் அளந்து எழுதிவைத்தார்கள். குழல் எத்தனை மாதத்தில் எவ்வளவு மங்கியது என்று பதிந்தார்கள். தோல்வியையும் மறைக்கவில்லை. பட்டமில்லாத அவர்களிடம் இருந்த ஒழுங்கு, பட்டத்துக்காக எழுதப்படும் ஆய்வேடுகளில் எப்போதும் இருப்பதில்லை. பாசி வளர்ப்போ திசு வளர்ப்போ, செய்முறை இயலைப் புரட்டினால், ‘இரண்டு 40 வாட் குழல்விளக்குகளின் கீழ் வைக்கப்பட்டது’ என்ற வரி இன்றும் அரிதன்று. எவ்வளவு தொலைவில்? எந்த நிறக்குழல்? புதியதா, ஓராண்டு எரிந்ததா? வழிகாட்டியும் கேட்பதில்லை, தேர்வாளரும் கேட்பதில்லை. வாட்டை ஒளியென்று நம்பும் மாணவர் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். இந்த வரிகளைப் படித்தே வளர்ந்தவர். மீன்தொட்டிக்காரரைப் பார்த்துத் துறைகள் சிரிப்பதற்கு முன் தங்கள் வளர்ப்பறையின் அலமாரித் தட்டுகளை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், கால்நடைப் பல்கலைக்கழகமும், 2015-இல் வந்த ஐ.ஐ.டி.யும் ஐசரும் ஒரே ஊரில் இருக்கின்றன. இத்தனை நிறுவனங்கள் கூடிய ஊரில், ஒளித்துகள் மீட்டர் ஒன்றை ஒரு வாரத்துக்குக் கையொப்பம் பெற்று மாணவருக்கு இரவல் கொடுப்பது பெரிய காரியமன்று. அது கிடைத்துவிட்டால் முதல் நாளிலேயே சோக்குப் பித்து தெளியும்.

குழல்விளக்கின் காலம் முடிகிறது என்பதால் இந்தப் பேச்சு பழையதாகிவிடவில்லை. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாடு, பொதுவெளிச்சத்துக்கான குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்தது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. மாதக்கணக்கில் கறுத்துச் சாகும் ஓவர்டிரைவ் குழல் ஒவ்வொன்றும் சில மில்லிகிராம் பாதரசத்தோடு குப்பைத்தொட்டிக்குப் போகிறது. அதற்குப் பதிலாக வந்திருக்கும் எல்.இ.டி. பட்டிகளையும் அவற்றின் வரம்பை மீறி ஓட்டும் வழிகள் இப்போதே கைமாறத் தொடங்கிவிட்டன. அங்கும் பெருமையோடு சொல்லப்படும் எண் வாட்டுதான்.