வெறும் பெட்டி எத்தனை கிலோ?

கமராவோடு விமானம் ஏறப் போகிறவர் பெட்டிக் கடையில் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: வெறும் பெட்டி எத்தனை கிலோ? நீளம், அகலம், பூட்டு, சில்லு எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் ஊரான பாலையூற்றிலும் அயலிலும் கலியாணப் படம் எடுக்கும் பிள்ளைகள் இப்போது கடல் கடந்தும் வேலைக்குப் போகிறார்கள். முதல் பயணத்துக்கு ஆயத்தமாகும் தம்பி ஒருவர் போன கிழமை வந்து கேட்டார்: "அண்ணா, லண்டனில இருக்கிற மச்சான் பெலிக்கன் பெட்டிதான் வாங்கச் சொல்லுறான். வாங்கட்டோ?"

மச்சான் சொன்னதில் பிழையில்லை. பிரிட்டிஷ் எயார்வேஸில் ஒரு கைப்பொதி 23 கிலோ வரை இருக்கலாம். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் பல, அளவைப் பார்க்குமே தவிர நிறையைக் கேட்பதில்லை. நாங்கள் ஏறுகிற விமானங்கள் அப்படியல்ல. ஸ்ரீலங்கனிலும் இண்டிகோவிலும் சாதாரண வகுப்பில் கைப்பொதிக்கு 7 கிலோதான். மச்சான் சொன்ன பெலிக்கன் நிறுவனத்தின் 1510 என்பது விமானத்தின் மேல்தட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்த வன்பெட்டி: ஏறக்குறைய 56 × 35 × 23 சென்ரிமீற்றர். தண்ணீர் புகாது, தூசி புகாது, விழுந்தாலும் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே வைக்கும் பஞ்சோடு சேர்த்து வெறும் பெட்டியே 6 கிலோவைத் தாண்டுகிறது. மிச்சமிருக்கும் ஒரு கிலோவுக்குள் கலியாணம் எடுக்க என்னத்தைக் கொண்டுபோவது? அதே நிறுவனம் பாரம் குறைத்துச் செய்த 1535 எயார் பெட்டிகூட 4 கிலோ அளவில் நிற்கிறது.

தம்பியின் சாமான்களையே கணக்குப் பார்த்தோம். சோனி ஏ7 நான்காம் பதிப்புக் கமரா ஒன்று, பற்றரியோடு 658 கிராம், அப்படி இரண்டு. 24-70 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 695 கிராம். 70-200 இரண்டாம் பதிப்பு, முக்காலியில் பூட்டும் பிடியை எடுத்துவிட்டால் 1,045 கிராம். மணவறைக்குள் வெளிச்சம் குறைந்த நேரத்துக்கு 35 மில்லிமீற்றர் லென்ஸ், 524 கிராம். கூட்டினால் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். பிளாஷ், மேலதிக பற்றரிகள், சார்ஜர் எல்லாம் சேர நாலே முக்கால் ஆகலாம். ஆகவே பை இரண்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. அந்த நிறையில் கிடைப்பது முதுகில் மாட்டும் துணிப்பைதான். சில்லு வைத்த பையை விட்டுவிடுங்கள். சில்லும் இழுக்கும் கம்பியும் ஒரு லென்ஸின் பாரத்தைத் தின்றுவிடும்.

எங்கள் ஊர்க்காரருக்கு முதுகுப்பையே நல்லது என்று நான் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. பாலையூற்றிலிருந்து கட்டுநாயக்காவுக்குக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க பஸ்ஸில் போகவேண்டும். கறுத்த வன்பெட்டியைப் பார்த்தவுடன் நடத்துநர் அதைப் பின்னால் சாமான் அறைக்குள் தள்ளச் சொல்லுவார். முதுகுப்பை என்றால் மடியிலேயே இருக்கும். அதற்குள் விலையுயர்ந்த சாமான் இருக்கிறதென்று பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியாது.

பலாலி வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் அந்தப் பாதையைத் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற காற்றாடி விமானம். அதன் மேல்தட்டு, எயார்பஸ்ஸில் இருப்பதைவிடச் சிறியது. மற்ற விமானத்தில் நுழைந்த பெட்டி இதில் நுழையாமல் போகலாம். அப்போது படியடியிலேயே வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். துணிப்பை என்றால் கொஞ்சம் அமுக்கியாவது வைக்கலாம், அல்லது முன்னிருக்கைக்குக் கீழே தள்ளலாம்.

அப்படிப் பையைக் கேட்டு வாங்கும் நிலை யாருக்கும் வரலாம். அதற்காகப் பைக்குள் இன்னொரு சின்னப் பையை ஆயத்தமாக வைத்திருங்கள்: ஒரு கமரா, ஒரு லென்ஸ், எல்லாப் பற்றரியும். பற்றரியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலதிக லிதியம் பற்றரியும் பவர் பாங்கும் கீழே போகும் பொதியில் இருக்கவே கூடாது. அது உலகம் முழுக்க உள்ள விதி. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வரும்: அந்தச் சோனிப் பற்றரி 16.4 வாட்-மணிதான், 20,000 மில்லி அம்பியர்-மணி பவர் பாங்க் 74. முனைகளில் ஒட்டுநாடாவாவது ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த எயார் புசான் விமானம் மேல்தட்டில் பிடித்த தீயால் எரிந்தது. ஏறியிருந்த எல்லோரும் உயிர் தப்பினார்கள். பவர் பாங்கே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை காட்டியது. அதன் பிறகு பல நிறுவனங்கள் பவர் பாங்கை மேல்தட்டில் வைக்க விடுவதில்லை. கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கச் சொல்கின்றன.

"பாரமென்றால் கீழே போட்டுவிடலாம்தானே" என்பவர்களுக்கு: மொன்றியல் உடன்படிக்கைப்படி, பொதி தொலைந்தால் அல்லது உடைந்தால் ஒரு பயணிக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். அதாவது 2,000 அமெரிக்க டொலர் அளவு. அது உச்சம், கையில் வருவது குறையலாம். எங்கள் பிள்ளைகள் சீட்டு எடுத்து, அம்மாவின் காப்பை அடகு வைத்து வாங்கிய கமராக்கள் இவை. ஆனால் கீழே கொடுப்பதைத் தவிர வழியில்லாத நாளும் வரலாம். 2017 மார்ச்சில், டுபாய், டோஹா உட்படப் பத்து விமான நிலையங்களிலிருந்து தன் நாட்டுக்கு வரும் விமானங்களில் கைத்தொலைபேசியைவிடப் பெரிய மின்சாதனங்களைக் கைப்பொதியில் கொண்டுவர அமெரிக்கா தடை போட்டது. கமராவும் அதில் அடக்கம். இலங்கையிலிருந்து வளைகுடா வழியாகப் போன படப்பிடிப்பாளர்களும் தங்கள் கமராவைக் கீழே கொடுக்கவேண்டி வந்தது. ஜூலைக்குள் தடை நீங்கிவிட்டது. அப்படி ஒரு நாளைக்கு வன்பெட்டிதான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஸ்ராண்ட், விளக்கு, முக்காலி போன்றவற்றைக் கீழே அனுப்ப ஒரு வன்பெட்டி வாங்கினால் அது வீண் செலவுமாகாது.

மார்ச், ஏப்ரலில் எங்கள் கடலுக்கு நீலத் திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களின் சிக்கல் பாரமல்ல, நீளம். சோனி 200-600 லென்ஸ் 2,115 கிராம், 318 மில்லிமீற்றர். அதைக் கமராவோடு பூட்டியபடி வைக்க இடம் தேடாதீர்கள். கழற்றி நெட்டாக வைத்தால் சாதாரண முதுகுப்பையிலேயே அடங்கும். உப்புக்காற்றில் நனைந்த சாமானை இறுக மூடிய பெட்டிக்குள் அப்படியே போட்டால் ஈரமும் உள்ளேயே பூட்டப்படும். துடைத்து, உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள்.

தம்பிக்கு ஒரு தொங்குதராசு வாங்கச் சொன்னேன். சாமானை நிரப்பி வீட்டிலேயே நிறுத்துப் பார்க்கட்டும், ஆறரையில் நிற்கட்டும். திரும்பி வரும்போது கலியாணம் முழுக்க இருக்கும் மெமரி காட் ஒரு தொகுதி சட்டைப் பையில் வரவேண்டும், அதன் பிரதி கூட வருகிறவரின் கையில் வரவேண்டும். இரண்டும் ஒரே பையில் வேண்டாம்.