நோயாளி கட்டணம் மாணவர் தலையிலா?

பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கொண்டுவந்த செய்தி நம்மைத் திடுக்கிட வைத்தது.

இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் செய்ய வேண்டும் என்று மாணவருக்குக் கணக்கு உண்டு. அது முடிந்தால்தான் ரிக்கார்டு நோட்டில் கையெழுத்து. அதில் தவறில்லை, கை பழகாத வைத்தியரிடம் யார் வாயைத் திறப்பார்கள்?

ஆனால் சில தனியார் கல்லூரிகளில் நடப்பது வேறு. பல்செட்டுக்குக் கவுண்டரில் பணம் கேட்கிறார்கள். கூலிக்காரக் கிழவர் பேசாமல் எழுந்து போகிறார். அவர் போனால் மாணவியின் கணக்கு நின்றுவிடும். ஆகவே அவளே பணம் கட்டுகிறாள், ரசீது கிழவர் பெயரில். அந்தப் பணம் யாருடையது? தாராவியில் விடியுமுன் எழுந்து இட்லி அவிக்கும் தாயினுடையது! படிப்புக்கு ஒரு கடன், நோயாளிக்கு இன்னொரு கடன். வேலை செய்பவரே கூலியும் கொடுக்கும் விந்தையை இருபது வருஷத் தொழிற்சங்க வாழ்வில் நாம் கண்டதில்லை.

பொருள் செலவு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். கல்லூரியின் செலவுக் கணக்கைப் பார்த்துத்தானே படிப்புக் கட்டணமே நிர்ணயமாகிறது?

மகாராஷ்டிரத்தின் 1987-ஆம் ஆண்டு நன்கொடைத் தடைச் சட்டம், அனுமதித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது நன்கொடையே என்கிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண ஒழுங்காணையமும் இருக்கிறது. தனியார் கல்லூரிக் கட்டணத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், மத்தியப் பிரதேசப் பல் மருத்துவக் கல்லூரி வழக்கிலேயே தீர்ப்பளித்தார்கள். நோயாளி பெயரில் மாணவரிடம் கறப்பதும் இந்த வலைக்குள் வரும் என்பதே நம் கருத்து.

நாம் கேட்பது அதிகமில்லை. சிகிச்சைக் கட்டணப் பட்டியலைத் தமிழ் உட்பட நோயாளிகள் படிக்கும் மொழிகளில் சுவரில் ஒட்டுங்கள். கட்ட முடியாத ஏழைக்குக் கல்லூரியே விலக்குக் கொடுக்கட்டும். பணம் வரவில்லை என்று மாணவர் கையெழுத்தை நிறுத்தக் கூடாது. ரயிலில் அபராதம் வாங்கும் பரிசோதகர்கூட, கட்டியவர் கையில்தான் ரசீது கொடுக்கிறார்!

மார்க்கில் கை வைப்பார்களோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆகவே மனுவில் சங்கமே கையெழுத்திடும். பெற்றோர் ரசீது நகல்களையும், கட்டிய தேதி, தொகை விவரத்தையும் ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் கொடுத்தால் போதும். பிள்ளையின் பெயர் வெளியே போகாது.