மறுமுறை ஜப்பான்: காஞ்சிக் கண்களுக்குத் தெரிவது



பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் வரலாற்றைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகின்றது. வெறுமனே பார்த்து வருவதற்கும் படிப்பினை பெற்று வருவதற்கும் வேறுபாடு உண்டு. முதல் பயணத்தில் நாம் பெரும்பாலும் பார்க்கத்தான் செய்கின்றோம். படிப்பினை இரண்டாம் பயணத்திற்கென்றே காத்திருக்கின்றது.

2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஜப்பான் என்பது எட்டாத தூரத்துப் பெயராக இல்லை. பிள்ளைகளைக் காணவோ தொழில் நிமித்தமாகவோ ஒருமுறை அங்குச் சென்று, ஃபியூஜி மலையையும் தோக்கியோவின் உயர்ந்த கட்டடங்களையும் கண்டு, ரொட்டியும் ஊறுகாயும் தின்று திரும்பியோர் நம்மவரிலும் உண்டு. மறுமுறை செல்ல வாய்ப்பு அமைவோருக்காகவே இம்மாதக் கட்டுரை. ஊர் ஊராக ஓடாதீர்கள். கியோத்தோ, கோபே ஆகிய இரு நகரங்களில் மட்டும் தங்குங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு விரைவு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான்.

பட்டும் கோயிலும்

கி.பி. 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் தலைநகராக விளங்கியது கியோத்தோ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களும் பட்டு நெசவும் அதன் இரு கண்கள். இதைக் கேட்டதும் காஞ்சிவாசிகளின் முகத்தில் புன்னகை மலராமல் இராது.

கியோத்தோவின் நெசவுப் பகுதிக்கு நிஷிஜின் என்று பெயர். 'மேற்குப் பாசறை' என்பது அதன் பொருள். 1467 முதல் 1477 வரை நடந்த உள்நாட்டுப் போரில் நகரம் எரிந்தது. நெசவாளர்கள் சிதறி ஓடினர். போர் ஓய்ந்தபின் திரும்பி வந்து, மேற்குப் படை பாசறை அமைத்திருந்த இடத்திலேயே தறி பூட்டினர். படை போயிற்று, தறி நின்றது. அப்பெயர் இன்று உலகம் முழுதும் பட்டுக்கே பெயராகிவிட்டது.

அங்குள்ள பழைய வீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு செல்பவை. 'விலாங்கு மீனின் படுக்கை' என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வர். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்து பழகியவர்க்கு அவ்வீடுகள் அந்நியமாகத் தோன்றா.

தறியின் அருகே சென்று பாருங்கள். நம் சரிகையில் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மீது சுற்றிப் பொன்முலாம் பூசுகின்றனர். அவர்களோ பொன் தகட்டைத் தாளின்மீது ஒட்டி, அத்தாளையே மயிரிழைபோல நறுக்கி ஊடையாக நெய்கின்றனர். நம்மிடம் கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வையும், முந்தானையை இணைக்கும் பேட்னியும் உள்ளன. அவர்களிடம் 'த்ஸுசுரே' என்றொரு முறை உண்டு. அதில் நெசவாளர் தம் விரல் நகத்தையே ரம்பப் பற்களாக அராவி, அதனால் ஊடையை இழுத்து நெருக்குவார்.

1872ஆம் ஆண்டு கியோத்தோவிலிருந்து மூவர் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அனுப்பப்பட்டனர். ஜக்கார்டு தறி அவ்வழியே அங்கு வந்தது. அதே ஜக்கார்டுப் பெட்டி இன்று காஞ்சித் தறிகளின் தலைமேலும் ஏறி நிற்கின்றது!

நமக்கும் அவர்களுக்கும் துணித் தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 'சாந்தொமே' என்று ஜப்பானியர் ஒருவகைக் கோடிட்ட பருத்தித் துணியை அழைப்பர். நம் சோழமண்டலக் கரையின் சாந்தோம்தான் அப்பெயருக்கு மூலம். பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சு வணிகர்கள், 1641 முதல் நாகசாகியின் தெஜிமா தீவிலிருந்து வாணிகம் செய்தனர். நம் கரையின் துணிகள் அவர்தம் கப்பல்களில் சென்றன.

போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்றவர் என்றொரு மரபுவழிச் செய்தி உண்டு; 2011இல் வெளிவந்த திரைப்படத்திற்குப் பின் தமிழகத்தில் அதை அறியாதார் இல்லை. ஜப்பானில் அவர் பெயரால் 'தாருமா' என்னும் உருண்டைப் பொம்மை விற்கின்றனர். தஞ்சாவூர்ப் பொம்மைபோல, சாய்த்தால் நிமிரும். வேண்டுதல் செய்து ஒரு கண்ணையும், நிறைவேறியபின் மறு கண்ணையும் தீட்டுவது அவர்கள் வழக்கம். வேண்டுதலை அல்லாஹ்விடம் மட்டுமே வைப்பவர்கள் நாம். ஆதலால் அதன் வரலாற்றை அறிவதுடன் நின்றுகொள்க.

கோயில்களிலும் அப்படியே. ஆணியை மிகக் குறைத்து மரத்தால் எழுப்பிய கட்டடங்களையும், பாசியும் கல்லும் கொண்டு அமைத்த தோட்டங்களையும் கண்டு வியக்கலாம். ஊதுவத்தி ஏற்றுதலும் குறிச்சீட்டு எடுத்தலும் நமக்கு உரியன அல்ல. பிறர் வழிபாட்டுக்கு இடையூறின்றி, தம் ஈமானுக்கும் ஊறின்றி ஒதுங்கி நிற்கும் பண்பு, கோபுரங்களுக்கிடையே பாங்கோசை கேட்டு வளர்ந்த காஞ்சி முஸ்லிம்களுக்குப் புதிதன்று.

தொழுகை

ஜப்பானின் முதல் பள்ளிவாசல் கோபேயில் 1935இல் எழுந்தது. இந்திய வணிகர்களும் தாத்தாரிய, துருக்கிய முஸ்லிம்களும் பொருள் தந்தனர். 1945இன் குண்டுவீச்சில் நகரம் சாம்பலாயிற்று, பள்ளிவாசல் நின்றது. 1995 சனவரி 17ஆம் நாள் நிலநடுக்கத்தில் கோபே மீண்டும் சரிந்தது, அப்போதும் நின்றது. அல்ஹம்துலில்லாஹ்! கடல் கடந்து வாணிகம் செய்தவர்கள் தம் இலாபத்தில் ஒரு பகுதியைச் சுவராக்கி வைத்ததால், தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நீங்களும் நானும் அங்குச் சென்று நெற்றி பதிக்க முடிகின்றது. இதனினும் பெரிய காட்சி ஜப்பானில் நமக்கு எது?

கிப்லா அங்கும் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தே அமையும். ஏறத்தாழ நம் ஊரைப் போலவே. நேரம் மட்டும் நம்மினும் மூன்றரை மணி முந்தியது. பயணியின் கஸ்ருத் தொழுகை பற்றிய சட்டம் மத்ஹபுக்கேற்ப வேறுபடும். புறப்படுமுன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. கழிவறைகளில் தண்ணீர் பீச்சும் வசதி பெரும்பாலும் உண்டு. இது நம் பெண்டிர்க்குப் பெரும் நிம்மதி. வெந்நீர் ஊற்றுகளில் மட்டும் ஆடையின்றிப் பலருடன் சேர்ந்து குளிப்பதே வழக்கம். ஆகவே குடும்பத்திற்கெனத் தனி அறை தரும் இடங்களையே நாடுக.

உணவு

'சைவந்தானே, மீன்தானே' என்று நம்பிவிடாதீர்கள். 'மிரின்' என்பது அரிசியிலிருந்து எடுக்கும் இனிப்பு மது. 'சாக்கே' அரிசி மது. குழம்பிலும் மீன்மேல் பூசும் சாற்றிலும் இவை கலந்திருக்கும். விலாங்கு மீன் நமக்கு ஆகுமானதே. ஆனால் அதன்மேல் தடவும் சாறு தடையாகிவிடுகின்றது. ராமென் சேமியாவின் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில் காய்ச்சியது. கறிக் கட்டிகள் பலவற்றில் விலங்குக் கொழுப்பு உண்டு. பன்றிக்கு 'புதா', பன்றிக் கொழுப்புக்கு 'ராதோ', ஜெலட்டினுக்கு 'ஜெராச்சின்'. இவற்றின் ஜப்பானிய எழுத்து வடிவங்களைத் தெரிந்தவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. கடையில் பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடலுணவிலும் மத்ஹபு பார்க்க வேண்டும். ஹனஃபிகளுக்கு மீன் மட்டுமே ஆகும். கணவாயும் எண்காலியும் ஆகா. இறாலில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிகளுக்குக் கணவாய் போன்றவற்றில் தடையில்லை. காஞ்சி மருமகளும் கீழக்கரை மாமியாரும் ஒன்றாகச் சென்றால், ஒசாகாவின் எண்காலி உருண்டைக் கடையில் ஒருவர் உண்ண, ஒருவர் பார்த்திருக்க நேரிடலாம்!

இவ்வளவும் விலக்கியபின் உண்ண என்ன இருக்கின்றது? நிறைய இருக்கின்றது. ஜப்பானியச் சமையலின் உயிர்நாடியான 'கத்ஸுவொபுஷி' வேறெதுவுமன்று. சூரை மீனைப் புகையிட்டு உலர்த்தியது. நம் கடற்கரை வீடுகளின் மாசிக்கு உடன்பிறப்பு. கடற்பாசிச் சாற்றில் மெல்லக் காய்ச்சிய சோயாக் கட்டி கியோத்தோவின் புகழ்பெற்ற உணவு. தொட்டுக்கொள்ளும் சாற்றை மட்டும் கேட்டறிக. உப்பிட்டுச் சுட்ட மீன், வெறுஞ்சோறு, ஊறிய உப்புப் பழம் வைத்த சோற்றுருண்டை, சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த அரிசிக் கொழுக்கட்டை, ஊஜியின் பச்சைத் தேநீர். கோபேப் பள்ளிவாசலை அடுத்து ஹலால் மளிகையும் கிடைக்கும். ஐயமெழுந்தால் பணிவுடன் கேளுங்கள். தெரியாததைத் தெரியாதென்றே பெரும்பாலோர் சொல்லிவிடுவர்.

திரும்பும்போது

கிமோனோ அணிவோர் அருகியதால் நிஷிஜின் தறிகள் பல ஓய்ந்துவிட்டன. எஞ்சியவற்றில் முதியோரே மிகுதி. இங்கும் நெசவாளர் பிள்ளைகள் ஆலைகளுக்குச் செல்கின்றனர். காஞ்சிப் பட்டு 2005-06இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும், தறியைக் காப்பது வாங்குவோர்தாம். ஆணுக்கு விலக்கப்பட்டு, பெண்ணுக்கு ஆகுமாக்கப்பட்ட பட்டு நம் மணமகள்களுக்கும் உரியது. அடுத்த நிக்காஹுக்குச் சேலை எடுக்கும்போது விசைத்தறிப் பளபளப்பில் மயங்காமல், கைத்தறியா என்று கேட்டு, கோர்வையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். உருவமில்லாத கொடியும் கட்டமும் வேண்டுமெனில் நெசவாளரிடமே சொல்லி நெய்விக்கலாம். நகத்தை அராவி நெய்யும் கையைக் கியோத்தோவில் வியந்து படமெடுத்தவர், பிள்ளையார்பாளையத்துக் கையிடம் விலை குறைத்துக் கேட்பது முறையாகாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.