கல்வராயன் மழையும் பரங்கிப்பேட்டைக் கடலும்

பரங்கிப்பேட்டைக் கடலின் நலத்தில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு என்ன பங்கு என்று கேட்பவர்கள் ஆற்றின் போக்கைப் பார்த்தால் போதும். அந்த மாவட்டத்தின் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, மணிமுக்தாவில் சேர்கிறது. மணிமுக்தா விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு கடலைத் தொடும் இடம்தான் பரங்கிப்பேட்டை. மலையில் நாம் செய்வதும் சமவெளியில் நாம் கொட்டுவதும் அந்த முகத்துவாரத்தில்தான் போய்ச் சேர்கின்றன.

இந்தத் தொடர்பை உணர்த்தும் உயிர் டயாட்டம் என்னும் நுண்பாசி. ஒற்றைச் செல்லாலான இது சிலிக்காவால் தனக்கு ஓடு கட்டிக்கொள்கிறது. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களின் உழைப்பு. கடலின் உணவுச் சங்கிலிக்கும் இவையே அடித்தளம். மேற்குக் கடற்கரையில் மத்தி மீன் பெருகும் காலத்தை ஒரு டயாட்டம் காட்டிக் கொடுப்பதை நம் நாட்டு ஆய்வாளர்கள் 1955-லேயே எழுதினார்கள்.

ஓடு கட்டத் தேவையான சிலிகேட்டின் பெரும்பகுதி கடலுக்கு ஆறுகள் வழியாகவே வருகிறது. மழைநீர் பாறைகளைச் சிறுகச் சிறுகக் கரைத்து அதைச் சுமந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் சிலிகேட் உயர்கிறது. ஆனால் அப்போது உப்பு குறைந்து நீர் கலங்குவதால் டயாட்டங்கள் குறைகின்றன. கோடையில் நீர் தெளிந்ததும் பெருகுகின்றன. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நீரைக் கவனித்து வருகிறது.

டயாட்டங்களுக்குச் சிலிக்காவும் நைட்ரஜனும் ஏறக்குறைய சம அளவில் வேண்டும். உரமும் சாக்கடையும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கூட்டி, சிலிகேட் மட்டும் கூடாமல் நின்றால், டயாட்டங்களின் இடத்தை வேறு பாசிகள் பிடிக்கின்றன. அவற்றில் சில நஞ்சுள்ளவை. டான்யூப் ஆற்றில் 1970-களின் தொடக்கத்தில் இரும்பு வாயில் அணை கட்டப்பட்ட பின் கருங்கடலுக்கு வரும் சிலிகேட் குறைந்து, பாசிகளின் சமநிலை மாறியதை ஆய்வுகள் பதிவு செய்தன. நம் அணைகள் அதைவிட மிகச் சிறியவை. ஆனாலும் அந்த விதி நம் ஆற்றுக்கும் பொருந்தும். கடல் சூடேறுவதும் ஒரு சுமை: மேல்நீரும் அடிநீரும் கலப்பது குறைவதால், அடியிலிருந்து மேலே வரும் சத்தும் குறைகிறது.

டயாட்டத்தின் பயனும் சிறிதல்ல. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் முதல் தீவனம் கீட்டோசிரஸ், ஸ்கெலிட்டோனீமா போன்ற டயாட்டங்களே. பழங்கால ஓடுகள் படிந்த மண் சர்க்கரைப் பாகையும் குடிநீரையும் வடிகட்ட உதவுகிறது; சேமித்த தானியத்தில் வண்டைத் தடுக்கிறது. நீரில் மூழ்கி இறந்தவரா என்று அறியத் தடயவியலும் டயாட்டத்தைத் தேடுகிறது.

நமக்கு உடனே உதவக்கூடியது இன்னொரு பயன். ஆற்றுக் கல்லில் வழுவழுப்பாக ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தில் பெரும்பாலும் டயாட்டங்களே இருக்கும். தூய நீரில் வாழும் இனங்கள் வேறு, சாக்கடை நீரைத் தாங்கும் இனங்கள் வேறு. கல்லைப் பல்துலக்கியால் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தும் ஐரோப்பிய நாடுகள் தம் ஆறுகளின் தரத்தை மதிப்பிடுகின்றன. ஒரு நாள் எடுத்த நீர் மாதிரி அந்த நாளின் நிலையைச் சொல்லும். கல்லில் வளர்ந்த டயாட்டம் பல வாரங்களின் நிலையைச் சொல்லும்.

இதில் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதால் ஆறு தெளியாது. மலைச்சரிவில் மண் அரிக்காமல் சாமையும் தினையும் பயிரிடும் பழங்குடி விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். சமவெளி விவசாயி மண் பரிசோதனை செய்து அளவறிந்து யூரியா இட வேண்டும். மரவள்ளி அரைக்கும் சேகோ ஆலைகளும் சர்க்கரை ஆலைகளும் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக் கூடாது. சாக்கடை நீரைப் பொறுத்தவரை நகராட்சிகளுக்கும் அதே கடமை உண்டு. நாமும் ஓடைகளில் குப்பை கொட்டுவதை நிறுத்த வேண்டும்.

இவையெல்லாம் நடக்கின்றனவா என்று அறிய ஒரு பொது அளவுகோல் வேண்டும். மாவட்டக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்கள், பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களின் வழிகாட்டலில், மலையோடை முதல் முகத்துவாரம் வரை சில இடங்களைத் தேர்ந்து பருவந்தோறும் டயாட்டங்களை எண்ணட்டும். கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்ட நிர்வாகங்கள் இதற்குக் கைகொடுக்கட்டும். அந்த அறிக்கை தமிழில் எழுதப்பட்டு, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபைகளில், ஆற்றின் மேற்பகுதி ஊராரும் கீழ்ப்பகுதி ஊராரும் கேட்கும்படி வாசிக்கப்படட்டும். எந்த இடத்தில் ஆறு கெடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தால், அதைத் திருத்தும் பொறுப்பிலிருந்து எவரும் விலக முடியாது.