உரிமம் எவர் மொழியில்?

வீட்டுக்கு வீடு குளிர்பொறி வந்துவிட்டது. மாடி விளிம்பில் காப்புக் கயிறுமின்றித் தொங்கி அதன் வெளிக்கூட்டைப் பொருத்துகின்றவன் நம் தமிழ் இளைஞன். ஆனால் அவன் தொழிலுக்குரிய சட்டமும், பொறியோடு வரும் அறிவுறுத்த ஏடும், அதன்மேல் ஒட்டிய எச்சரிக்கையும் தமிழில் இல்லை! இதனை ஒரு கேடென்றே எவரும் எண்ணவில்லை என்பதுதான் நம் நெஞ்சைக் கொதிக்கச் செய்கின்றது.

குளிர்பொறி பொருத்துவோர்க்கெனத் தனியுரிமம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவிலோ, குளிர்பதன வளிமத்தைக் கையாள்வோன் தேர்வெழுதித் தேறியிருத்தல் வேண்டுமென்பது 1994 முதல் சட்டம். இங்கு மின்கம்பி வேலைக்கு மட்டுமே கட்டு உண்டு. சிறுசிறு மாற்று வேலைகள் நீங்கலாக, எம்மின்னமைப்பு வேலையையும் மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்வித்தல் வேண்டுமென்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்விதிகளுள் 45-ஆம் விதி கூறிற்று. அவ்விதிகள் போய் 2010-இலும், பின்னர் 2023-இலும் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. கட்டு மாறவில்லை, மொழியும் மாறவில்லை. இந்திய அரசிதழில் அவை வந்தது இந்தியிலும் ஆங்கிலத்திலும்! உரிமம் கொடுப்பது தமிழ்நாட்டரசு, பெறுகின்றவன் தமிழன், இருவர்க்கும் இடையே நிற்கும் சட்டம் மட்டும் அயன்மொழியில். அதே 1956-இல்தான் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டமும் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது என்பதை எண்ணுங்கால் சிரிப்பதா, அழுவதா?

"தொழில் தெரிந்தால் போதாதா, பொறிக்குத் தமிழெதற்கு?" என்று வினவும் அறிவாளிகட்கு ஒன்று கூறுவோம். வெளிக்கூட்டினுள்ளே உருளை வடிவில் ஓர் உறுப்பு உண்டு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அது மின்னைத் தன்னுள் வைத்திருக்கும், தொட்டால் தாக்கும். அதனைக் 'கெப்பாசிட்டர்' என்று கற்ற பதினெட்டு அகவை இளைஞனுக்கு அச்சொல் எதனை உணர்த்துகின்றது? ஒன்றுமில்லை. 'மின்தேக்கி' என்று சொல்லிப் பாருங்கள்! மடையை அடைத்த பின்னும் ஏரியில் நீர் தேங்கிக் கிடக்குமென்று அறிந்த உழவன் மகன், இணைப்பை அறுத்த பின்னும் இதனுள் மின் தேங்கிக் கிடக்குமென்று கேட்டவுடனே உணர்வான். சொல்லே அவனுக்குப் பாடம். சொல்லே அவன் உயிர்க்குக் காப்பு. வடமொழிச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ அவனுக்கு இதனைச் செய்யுமா?

கசிவு பார்க்கக் குழாயினுள் நைட்ரசன் வளியை ஏற்றுவர். அது கைக்கு எட்டவில்லையென்று, குழாய் ஒட்டுவதற்கு வைத்திருக்கும் உயிர்வளியை ஏற்றினால், அமுக்கியிலுள்ள எண்ணெயோடு கூடி அது வெடிக்கும். தமிழில் ஒரே வரியில் முடிகின்ற செய்தி இது! பழைய ஆர் 22 வளிமம் எளிதில் எரியாதது. இப்பொழுது வரும் ஆர் 32 எரியக் கூடியது. ஆர் 290 என்பதோ புரொப்பேனே, அடுப்பெரிவளியின் உடன்பிறப்பு. பழையதில் பழகிய கை, உருளைமேலுள்ள ஆங்கில எழுத்தைப் படிக்கவியலாமல் தீயை அருகே கொண்டு சென்றால் குற்றம் எவருடையது?

நம்மவரிடத்தும் குறையுண்டு, மறைப்பானேன்? அறையில் அமர்ந்து கலைச்சொல் ஆக்குகின்றோம். ஒருவர் செறிகலம் என்பார்; மற்றவர் ஒடுக்கி என்பார்; இருவரும் இதழ்தோறும் பூசலிடுவர். பட்டறைக்குச் சென்று, "தம்பி, உன் கைக்கும் வாய்க்கும் எது பொருந்துகின்றது?" என்று கேட்டவர் எத்தனை பேர்?

தமிழ்நாட்டரசு அவ்வொழுங்குமுறைகளை முழுமையாகத் தமிழாக்கி, உரிமப் படிவத்தோடு இணைத்துத் தரல் வேண்டும். இங்கு விற்கப்பெறும் ஒவ்வொரு குளிர்பொறியிலும், வளிம உருளையிலும் எச்சரிக்கை தமிழில் பொறிக்கப்பெறல் வேண்டும். பொறியை விற்பதற்குத் தமிழில் விளம்பரம் செய்யத் தெரிந்த முதலாளிகட்கு, அதனைப் பழுது பார்ப்பவனைக் காப்பதற்கு மட்டும் தமிழ் வாராதோ?

அன்பர்கள் தத்தம் ஊர்ப் பட்டறைகளிற் சென்று, தொழிலாளர் வாயில் வழங்கும் தமிழ்ச் சொற்களைக் கேட்டெழுதி அடுத்த திங்களுக்குள் நமக்கு விடுக்க.