ஓட்டுக் கேட்டு வருவோரிடம் ஆயாவைப் பற்றிக் கேளுங்கள்

மெல்போர்ன், மே 2024

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ, தேசப்ரியா பார்க் வட்டாரத் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

2024 ஜூன் 1ஆம் தேதி, மக்களவைத் தேர்தலின் ஏழாவதும் கடைசியுமான கட்டத்தில் கொல்கத்தா வாக்களிக்கிறது. தெற்குத் தொகுதியில் திரிணமூலின் மாலா ராய், பாஜகவின் தேபஸ்ரீ சௌத்ரி, மார்க்சிஸ்ட் கட்சியின் சாய்ரா ஷா ஹலீம் மூவரும் இந்த வெயிலில் தெருத்தெருவாக வருகிறார்கள். தேர்தல் அறிக்கைகளில் இம்முறை முதியோருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத் காப்பீடு என்கிறது பாஜக. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கை மாதம் 1000 ரூபாயாக உயர்த்துவோம், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட ரயில் கட்டணச் சலுகையைத் திரும்பக் கொடுப்போம் என்கிறது காங்கிரஸ். திரிணமூலும் 1000 ரூபாய் ஓய்வூதியம் பேசுகிறது.

எல்லாமே வேண்டியவைதான். மத்திய அரசு 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியவருக்குத் தரும் 200 ரூபாய் பதினேழு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. 80ஐத் தாண்டினால் 500. மேற்கு வங்க அரசு தன் பங்கைச் சேர்ப்பதால்தான் அங்கே கைக்கு 1000 வருகிறது. இதை உயர்த்தச் சொல்லி நாடாளுமன்ற நிலைக்குழுவே திரும்பத் திரும்பப் பரிந்துரைத்துவிட்டது.

ஆனால் பணம் வந்தபின் என்ன? காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பயன்படும். இடுப்பெலும்பு அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது யார்? பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படும் தாத்தாவுக்குக் கஞ்சியை எந்தப் பதத்தில், எத்தனை சாய்வில் உட்காரவைத்து ஊட்ட வேண்டும் என்று தெரிந்தவர் யார்? மூத்திரக் குழாய்ப் பையை இடுப்புக்கு மேலே தூக்கிப் பிடிக்கக்கூடாது என்று யாருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கொல்கத்தாவில் இத்தனைக்கும் ஒரே பதில், வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆயா. எந்தக் கட்சியின் அறிக்கையிலும் அவரைக் காணோம்.

ஆயா சென்டர் இல்லாத பேட்டை கொல்கத்தாவில் அரிது. மருந்துக்கடைப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு போன், ஒரு நோட்டுப் புத்தகம். டே டூட்டி பன்னிரண்டு மணி நேரம், நைட் டூட்டி பன்னிரண்டு மணி நேரம். குடும்பம் கொடுக்கும் தினக்கூலியில் சென்டருக்கு ஒரு பங்கு போகும். வரும் பெண்கள் பெரும்பாலும் கேனிங், லட்சுமிகாந்தபூர் லோக்கல் ரயில்களில் விடியுமுன் ஏறி, டாக்குரியாவிலோ பாலிகஞ்சிலோ இறங்குகிறவர்கள். 2009 மே மாதம் ஐலா புயல் சுந்தரவன நிலங்களில் உப்புநீரைப் புகுத்திய பிறகு வயலை நம்பிப் பயனில்லை என்று நகரத்துக்கு வந்தவர்களும் இவர்களில் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் இருப்பது பெயரும் போன் நம்பரும். என்ன பயிற்சி, யார் கொடுத்தது, அவருக்கே முதுகு பிடித்துக்கொண்டால் யார் பார்ப்பது என்ற பத்திகள் அதில் கிடையாது.

இதில் ஆயாமார்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பல வீடுகளில் மகனும் மகளும் செய்யாததை அவர்கள் செய்திருக்கிறார்கள். ஊருக்குப் போக முடியாத கோவிட் காலத்தில் எத்தனை தமிழ்ப் பெரியவர்களின் கடைசி வார்த்தையைக் கேட்டது ஒரு கேனிங் பெண்ணின் காது! குறை, அவரைத் தனியாக விட்டுவிட்ட ஏற்பாட்டில் இருக்கிறது. படுக்கைப்புண் வந்தால் ஆயாவை மாற்றுகிறோம். அடுத்து வருபவருக்கும் யாரும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

இந்த விஷயம் மற்ற எவரையும்விடக் கொல்கத்தாத் தமிழர்களைக் கூடுதலாகப் பாதிப்பதற்குக் காரணம் உண்டு. கிளைவ் தெரு கம்பெனிகளில் ஸ்டெனோவாக, ஏஜி ஆபீசில் கணக்கராக, கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தில் குமாஸ்தாவாக வந்த தலைமுறையின் பிள்ளைகள் படித்தார்கள். பெங்களூரு, சென்னை போனார்கள். பிறகு சிங்கப்பூர், நியூஜெர்சி, மெல்போர்ன். பெற்றோர் வரவில்லை. லேக்கைச் சுற்றிக் காலை நடை, கோயில், சபாக் கச்சேரி, மார்கழிப் பஜனை, வாழையிலையும் காபிப்பொடியும் கிடைக்கும் மார்க்கெட் எல்லாம் அங்கேதானே? தஞ்சாவூர் வீடும் பாலக்காட்டு வீடும் எப்போதோ விற்றாகிவிட்டது. திரும்பிப் போக ஊரும் இல்லை, பக்கத்தில் பிள்ளையும் இல்லை என்கிற முதுமை இது. மறதி நோய் வந்தால் இன்னும் சிக்கல். பின்னால் கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் நழுவும். ஐம்பது வருஷம் சரளமாக வங்காளம் பேசிய மாமி ஒருநாள் வெறும் தமிழில் வலிக்கிறது என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்குப் புரியாது.

தேர்தல் நேரத்தில் பேசினால் இதெல்லாம் மாறுமா என்ற சந்தேகம் நியாயமானதே. ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருப்பது அதனால்தான்.

2018 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியின் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சி முதியோர் இல்லங்களின் நிலைமையைக் காட்டத் தயாரானது. ஒளிபரப்புக்கு முந்தைய நாளே பிரதமர் ஸ்காட் மாரிசன் ராயல் கமிஷன் விசாரணையை அறிவித்தார். 10,500க்கும் மேற்பட்ட எழுத்து மனுக்கள் வந்தன, 600க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். அதில் பெரும்பங்கு குடும்பங்களும் ஊழியர்களும்தான். அம்மாவின் புண்ணில் புழு வைத்ததையும், அப்பாவை நாற்காலியில் கட்டிவைத்ததையும் ஊரறியச் சொல்ல யாருக்கும் எளிதாக வாய் வராது. அவர்கள் சொன்னார்கள். 2019 அக்டோபரில் வந்த இடைக்கால அறிக்கைக்குக் கமிஷன் வைத்த தலைப்பு ‘புறக்கணிப்பு’. அடுத்த ஆண்டே மெல்போர்னின் ஃபாக்னர் பகுதியில் ஒரே இல்லத்தில் 45 முதியவர்கள் கோவிட்டால் இறந்தார்கள். 2021 மார்ச்சில் 148 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை வந்தது.

அறிக்கை வந்தால் அலமாரிக்குப் போகும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது. இதை அலமாரிக்குப் போகவிடாமல் தடுத்தது 2022 தேர்தல். அந்த மார்ச் 31ஆம் தேதி, பட்ஜெட்டுக்குப் பதில் சொல்ல எழுந்த எதிர்க்கட்சித் தலைவர் அந்தோணி அல்பனீஸ், தன் பேச்சின் மையமாக முதியோர் பராமரிப்பை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு இல்லத்திலும் 24 மணி நேரமும் பதிவுபெற்ற நர்ஸ், ஒவ்வொருவருக்கும் தினமும் இத்தனை நிமிடப் பராமரிப்பு, ஊழியருக்குக் கூலி உயர்வு, நல்ல சாப்பாடு, பணம் எங்கே போகிறது என்ற கணக்கு என்பவை அவருடைய வாக்குறுதிகள். மே 21இல் அவர் கட்சி வென்றது. 2023 ஜூலை 1 முதல் 24 மணி நேர நர்ஸ் சட்டப்படி கட்டாயம். தொலைவூரில் உள்ள சிறிய இல்லங்களுக்கு மட்டும் விலக்குக்கு வழி உண்டு. 2023 ஜூன் 30 முதல் நேரடிப் பராமரிப்பு ஊழியர்களுக்கு 15 சதவீதக் கூலி உயர்வு. அந்த அக்டோபரிலிருந்து ஒருவருக்குத் தினம் சராசரி 200 நிமிடப் பராமரிப்பு; 2024 அக்டோபரில் அது 215 ஆகிறது, அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற நர்ஸின் கையால்.

குறைகள் தீர்ந்துவிடவில்லை. நர்ஸ் தட்டுப்பாடு இருக்கிறது, வீட்டுப் பராமரிப்புக்குக் காத்திருப்போர் வரிசை நீளமானது, புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2024 மே வரை நாடாளுமன்றத்துக்கே வரவில்லை. ஆனாலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘முதியோரை மதியுங்கள்’ என்று இங்கே யாரும் கேட்கவில்லை. எத்தனை நர்ஸ், எத்தனை நிமிடம், எவ்வளவு கூலி என்று எண்ணிச் சரிபார்க்கக்கூடியதைக் கேட்டார்கள். அதனால்தான் வென்றவரால் நழுவ முடியவில்லை. முதியோர் இல்ல ஊழியர்களில் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெண்கள் ஏராளம். அவர்கள் கூலி உயராமல் பராமரிப்பு உயராது என்பதைக் கமிஷன் தெளிவாகச் சொன்னது. நாட்டின் கூலி நிர்ணய மன்றம் அதை ஏற்றது.

இந்தியாவில் எண்ணிக் கேட்க என்ன இருக்கிறது? ஒரு மசோதா இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பலருக்குத் தெரியும். பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் அது பொருந்தும் என்பதை மெல்போர்ன்காரர்களும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் அரசு அமைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அமைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. முன்னாள் சட்ட அமைச்சர் அஸ்வனி குமார் தொடுத்த வழக்கில், மாவட்டவாரியாக எத்தனை இல்லங்கள் என்று கணக்கெடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து!

அந்தச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் அமைச்சர் தாவர்சந்த் கெலாட் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். 10,000 ரூபாய் வரம்பு நீங்கும். மருமகனும் மருமகளும் பொறுப்பாளி ஆவார்கள். காவல் நிலையந்தோறும் முதியோருக்கென ஓர் அதிகாரி இருப்பார். இந்த மடலுக்கு முக்கியமானது அதன் இன்னொரு பகுதி. முதியோர் இல்லங்களோடு, வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பராமரிக்கும் நிறுவனங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறைந்தபட்சத் தரத்துக்கு உட்பட வேண்டும் என்றது மசோதா. அதாவது, ஆயா சென்டரின் மேசை மீது முதன்முறையாகச் சட்டத்தின் பார்வை விழுந்தது. நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கையும் கொடுத்தது. பிறகு அசைவே இல்லை. 17ஆவது மக்களவை கலையும் நாளில் மசோதாவும் காலாவதியாகிவிடும்.

புதிய மக்களவையில் அதை மறுபடி கொண்டுவருவீர்களா, ஆயாவின் பயிற்சியும் குறைந்தபட்சக் கூலியும் விபத்துக் காப்பீடும் அதில் இருக்குமா என்பதுதான் மூன்று வேட்பாளர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி. முதியவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மட்டும் கேட்டு ஆயாவை விட்டுவிட்டால், பதிவு என்பது அந்தப் பெண்களைப் போலீஸ் சரிபார்ப்பதோடு முடிந்துபோகும். வீட்டுவேலைப் பெண்களின் பஸ்சிம் பங்க கிருஹ பரிசாரிகா சமிதி 2018இல் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. அவர்களையும் அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் கேள்விக்கு எடை கூடும்.

அரசால் வீடு தேடி வர முடியுமா என்று யாராவது கேட்டால், இந்தத் தேர்தலையே காட்டலாம். 85 வயதைக் கடந்தவர்கள் 12டி படிவம் கொடுத்தால் தேர்தல் அதிகாரிகள் வாக்குச்சீட்டோடு வீட்டுக்கு வருகிறார்கள், வீடியோவும் எடுக்கிறார்கள். நாடு முழுவதும் மக்களவைத் தேர்தலில் இப்படி நடப்பது இதுவே முதல் முறை. 81 லட்சத்துக்கும் அதிகமான அந்த வயது வாக்காளர்களின் முகவரி அரசின் கையில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓட்டுக்காக ஏறும் அதே மாடிப்படியில், மாதத்துக்கு ஒரு முறை ஒரு நர்ஸ் ஏறலாமே? கேரளம் அதைச் செய்கிறது. 2008இல் நோய்த்தணிப்புக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் மூலம் படுக்கையில் இருப்போர் வீட்டுக்கு நர்ஸை அனுப்புகிறது. அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் கூடவே போகிறார்கள். கொல்கத்தாவிலும் தொடக்கம் இல்லாமல் இல்லை. தனியே வாழும் முதியோருக்காகக் காவல்துறை 2009 முதல் ‘ப்ரணாம்’ திட்டத்தை நடத்துகிறது. உதவிக்குக் கூப்பிட 14567 என்ற தேசிய எண் உண்டு. ப்ரணாமில் இன்னும் சேராத பெரியவர்களைச் சேர்த்துவிடுங்கள்.

மெல்போர்னில் இருக்கும் எங்களில் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கியவர்களுக்கு ஓட்டு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் நேரில் வந்து நின்றால்தான் போட முடியும். பணம் அனுப்பலாம், இரவில் வீடியோவில் முகம் பார்க்கலாம். வேட்பாளர் முன்னால் நின்று கேட்க முடியாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்துகிற வழக்கம் உண்டு. இம்முறை பொன்னாடையோடு மசோதாவைப் பற்றிய அந்தக் கேள்வியையும் வங்காளத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். மூவரும் சொல்லும் பதிலை, சொல்லாவிட்டால் சொல்லவில்லை என்பதை, ஜூன் 1க்கு முன்னால் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நகலை இங்கே அனுப்புங்கள். ஜெயித்தவருக்கு ஜூலைக் கூட்டத்தொடர் தொடங்கும்போது மெல்போர்ன், சிட்னி, சிங்கப்பூரிலிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் கடிதம் போகும்.

அன்புடன்,
மெல்போர்ன்வாழ் லேக் மார்க்கெட்டுக்காரர் ஒருவர்