கோமாளிக்கும் கும்பாபிஷேகம்

"ஏனய்யா, ஊரில் எத்தனையோ கோயில்கள் இடிந்து கிடக்கின்றன. ஏடுகள் செல்லரித்துப் போகின்றன. நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு வெள்ளைக்காரன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்ததைச் செப்பனிடப் பணமும் ஆளும் வேண்டும் என்கிறீரே, உமக்கே இது நியாயமாக இருக்கிறதா?"

இப்படிக் கேட்டவர் விஷயம் தெரியாதவர் அல்ல. கம்பனுக்குப் பாடபேதம் பார்க்கிற நண்பர். 1925-ல் வெளிவந்த சாப்ளினுடைய 'தி கோல்ட் ரஷ்' படத்தை இத்தாலியில் பொலோனா நகரத்துத் திரைப்படக் காப்பகத்தார் பழுது பார்த்து, சரியாக நூறாவது வருஷமான 2025-ல் கான் விழாவில் திரையிட்டார்கள் என்று அவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

நண்பர் மனத்தில் இருப்பது செலவுக் கணக்கு அல்ல, ஜாதிக் கணக்கு. அழ வைத்தால் கலை, சிரிக்க வைத்தால் தமாஷ். தமாஷுக்கு எதற்கு வைத்தியம் என்பதுதான் அவர் கேள்வியின் அடியில் இருக்கிறது. இதே படத்தில் சாப்ளின் பசி தாங்காமல் தன் பூட்ஸை வேக வைத்துத் தின்கிறான். ஆணிகளைக் கோழி எலும்பு சப்புவதுபோல் சப்புகிறான். பசியைப்பற்றி நாம் எழுதியிருக்கிற கதைகளில் எத்தனை அந்தக் காட்சியின் பக்கத்தில் நிற்கும் என்று கேட்டேன். என் கதைகளையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

பழைய பிலிம் என்பது செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துக்குப் பங்காளி. பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. 1937-ல் நியூ ஜெர்ஸியில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு எரிந்ததில் அவர்களுடைய மௌனப் படங்களில் பெரும்பகுதி ஒரே நாளில் போயிற்று. எரியாவிட்டாலும் அது சும்மா இருப்பதில்லை. முதலில் உருவம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் டப்பாவைத் திறந்தால் மூக்குப்பொடி மாதிரிப் பழுப்புத் தூள். அமெரிக்காவில் 1912-க்கும் 1929-க்கும் இடையில் வந்த முழுநீள மௌனப் படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றில் அன்று வெளியான 35 மில்லிமீட்டர் வடிவத்திலேயே முழுசாக மிஞ்சியவை 100-க்கு 14 தான் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் கணக்குச் சொன்னது. நம் கதை இன்னும் மோசம். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது; இன்று பிலிம் இல்லை.

பாடபேதக்காரருக்குப் புரிகிற பாஷையிலேயே சொன்னேன். உ. வே. சாமிநாதையர் என்ன செய்தார்? ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒன்றில் செல்லரித்த இடத்தை மற்றொன்றில் தேடினார். எதிலும் கிடைக்காத இடத்தில் தானே ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடவில்லை. பிலிம் பழுது பார்க்கிறவர்கள் செய்வதும் இதே காரியந்தான். ஒரு தேசத்தில் முதல் ரீல் நன்றாக இருக்கும். இன்னொரு தேசத்துப் பிரதியில் கடைசி ரீல் பிழைத்திருக்கும்.

லாரலும் ஹார்டியும் நடித்த 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' 1927-ல் வந்த இரண்டு ரீல் படம். ஒரு தெரு முழுவதும் ஒருவர் முகத்தில் ஒருவர் பண்டத்தை அப்பிக்கொள்ளும் படம் என்று உலகமெல்லாம் பெயர். ஆனால் அந்த இரண்டாவது ரீலை முழுசாகப் பார்த்தவர்கள் பல காலம் யாரும் இல்லை. 1957-ல் ராபர்ட் யங்ஸன் தொகுத்த படத்தில் வெட்டிச் சேர்த்த துண்டுதான் எல்லோரும் கண்டது. துண்டில் அது வெறும் அமளி. 2015-ல் முழு ரீலும் ஒரு சேகரிப்பில் அகப்பட்டது. அப்போதுதான் தெரிந்தது, அது அமளி அல்ல, அடுக்கடுக்காகக் கட்டிய வீடு என்று. தோலில் வழுக்கிய கடைக்காரன் கோபித்து ஒன்று எறிகிறான். பதிலுக்குப் போகிற ஒன்று குறி தவறிச் சம்பந்தமில்லாத ஒருவர்மேல் விழுகிறது. அவர் உடனே பாயவில்லை. துடைக்கிறார், யோசிக்கிறார், நிதானமாக நடந்து வந்து தம் பங்கைச் செலுத்துகிறார். அந்த நிதானந்தான் சிரிப்பு. துண்டு போட்டவன் நிதானத்தைத்தான் முதலில் வெட்டுவான். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வருகிற பகுதி இன்னும் அகப்படவில்லை. அந்த இடத்தில் நிழற்படங்களையும் நாலு வரி எழுத்தையும் போட்டுவிட்டு மேலே போகிறார்கள். நேர்மை என்றால் அது.

நண்பர் இங்கே கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, பழுது பார்க்கட்டும். அதோடு கொஞ்சம் வர்ணமும் பூசி, இந்தக் காலத்துக்குத் தக்கபடி செய்தால் என்ன?"

எதிரியைவிட இந்த உபகாரிகளிடந்தான் எனக்குப் பயம். திருப்பணி என்று சொல்லிக் கோயில் தூண்களில் மணலைப் பீச்சி அடித்துக் கல்வெட்டின் எழுத்தை மழுக்கினார்களே, அந்த வம்சம். பழைய கார்ட்டூன்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தூசியையும் கீறலையும் தானாக நீக்கும் கருவி ஒன்று வந்தது. ஒரு சட்டத்தில் இருந்து அடுத்த சட்டத்தில் இல்லாதது எதுவோ அது அழுக்கு என்பது அதன் சித்தாந்தம். ஓடுகிற முயலின் காலும் அப்படித்தானே? ஆகவே சித்திரக்காரன் மையால் இழுத்த கோட்டையும் அது அழுக்கென்று துடைத்துவிட்டது. பிலிம் பளிச்சென்று இருக்கிறது. முயலுக்குத்தான் கால் அறுந்துபோயிற்று. அந்தக் கோட்டுக்கு மூலமும் தேட முடியாது. கார்ட்டூன் கம்பெனிகளில் ஒளி ஊடுருவும் தாளில் தீட்டிய சித்திரங்களைப் படம் எடுத்தானதும் கழுவிவிட்டு, அதே தாளில் அடுத்த படத்தை வரைவது வழக்கமாக இருந்தது. பிலிமில் இருப்பதுதான் மிச்சம்.

வர்ணத்தின் கதையும் கேளுங்கள். 1968-ல் வார்னர் கம்பெனியின் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்களுக்கு வர்ணம் வேண்டுமென்று அவற்றைக் கொரியாவில் புதிதாக வரைந்து எடுத்தார்கள். வேலையை மிச்சம்பிடிக்கச் சித்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். துள்ளிய பன்றிக்குட்டி விறைத்துக்கொண்டு நடந்தது.

மௌனப் படத்துக்குச் செய்கிற கொடுமை வேறு. அன்று காமிராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 சட்டமும் உண்டு, 20-க்கு மேலும் உண்டு. அதைப் பேசும் படத்தின் 24-ல் ஓட்டினால் எல்லோரும் வெறிநாய் துரத்துவதுபோல் ஓடுவார்கள். ஹாஸ்யக்காரர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் வேகம் வைத்ததும் உண்டு. எவ்வளவு வைத்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. அதற்குமேல், அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்குவது. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் (1928) பஸ்டர் கீட்டன்மேல் ஒரு வீட்டு முகப்பே சாய்ந்து விழுகிறது. மாடி ஜன்னல் இருந்த இடத்தில் அவர் அசையாமல் நிற்கிறார். சுவர் முழுசும், மனிதன் முழுசும் தெரியாவிட்டால் அங்கே அபாயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சாப்ளினுக்கோ காலில்தான் ஹாஸ்யமே. அவர் காலை நறுக்குகிறவன் சங்கீதக் கச்சேரியில் பாடகரின் வாயைப் பொத்துகிறவன்.

ஒரு விஷயத்தில் என் கட்சிக்காரர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்ட்டூன்களில் நீக்ரோக்களை இழிவு செய்யும் கேலிகள் ஏராளம். வெடி வெடித்ததும் பாத்திரத்தின் முகம் கறுத்து உதடு தடிப்பது அன்றைக்கு ஹாஸ்யம். 'அதெல்லாம் சும்மா வேடிக்கை' என்று சப்பைக்கட்டுக் கட்டுகிறவர்களோடு நான் இல்லை. அது வேடிக்கையும் இல்லை, சும்மாவும் இல்லை. குழந்தைகளுக்குக் காட்டும்போது விலக்குங்கள். ஆனால் காப்பகத்துப் பிரதியில் கத்தரி வைக்காதீர்கள். குற்றவாளியே சாட்சியத்தை எரித்துவிட்டுச் சுத்தமானவனாக வந்து நிற்க அனுமதிப்பானேன்? முன்னால் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பெரியவர்களுக்கு அப்படியே காட்டுங்கள்.

"இதெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, கொட்டகை எதற்கு?" என்பது நண்பரின் கடைசி அம்பு. ஹரால்ட் லாயிட் தம் படங்களை வெளியிடுமுன் முன்பின் தெரியாத ஜனங்களுக்குப் போட்டுக் காட்டி, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள் என்று கவனித்து, அதன்படி வெட்டி ஒட்டினார். கீட்டனும் அப்படியே. ஒரு சிரிப்பு அடங்கி அடுத்தது கிளம்ப எத்தனை விநாடி வேண்டுமென்று கூட்டம் சொல்லி அவர்கள் எழுதிக்கொண்டார்கள். கூட்டத்தை எடுத்துவிட்டால் அந்த விநாடிகள் காலியாகக் கிடக்கும். தனியே கட்டிலில் படுத்துப் பார்க்கிறவன், 'படம் இழுக்கிறது' என்பான். பொலோனாவில் கோடை இரவுகளில் ஊர்ச் சதுக்கத்திலேயே திரை கட்டி இலவசமாகக் காட்டுகிறார்கள். போர்டனோனே என்ற சின்ன ஊரில், 1982-ல் தொடங்கிய, மௌனப் படத்துக்கென்றே உள்ள விழா நடக்கிறது. வாத்தியக்காரர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, படத்தைப் பார்த்தபடியே வாசிக்கிறார்.

நம் பக்கத்தில் சென்ற வருஷம் ஒரு சங்கத்தார் கீட்டன் படம் போட்டார்கள். ஓடிப்போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தலையும் காலும் நறுக்கிய படம், வேகமோ வேகம், பின்னணியில் யாரோ பதிவு செய்த கல்யாண பாண்டு மாதிரி ஒன்று, படத்தோடு எந்த ஒட்டுறவும் இல்லாமல். பக்கத்தில் இருந்த பையன் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டான். கீட்டன் என்றால் இவ்வளவுதான் என்று அவன் இனி ஆயுள் முழுதும் நினைத்துக்கொள்வான். காரியதரிசியைப் பிடித்துக் கேட்டேன். இதுவரை ஒருவரும் புகார் சொல்லவில்லையே என்றார். இதோ, நான் சொல்லுகிறேன்.